மாரடைப்புக்குப் பிறகு வரும் ஷாக்: ஐசியூ வாசலில் நிற்பவர்களுக்கு

மாரடைப்பு என்றதும் ஆஞ்சியோ செய்வார்கள், ஸ்டென்ட் வைப்பார்கள், சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் மனதுக்குள் கணக்குப் போடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் மாரடைப்பு வந்த 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு, அடிபட்ட இதயத்தால் உடம்புக்கு வேண்டிய ரத்தத்தைத் தள்ள முடியாமல் போய்விடுகிறது. இதைத்தான் டாக்டர்கள் கார்டியோஜெனிக் ஷாக் என்கிறார்கள். இன்றைய எல்லா வசதிகளும் இருந்தும் இந்த நிலைக்குப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைப்பதில்லை. என் அண்ணன் பிழைத்தார். அந்த நாட்களில் படிவங்களில் கையெழுத்துப் போடவும், டாக்டர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லவும் நான் ஒருத்திதான் இருந்தேன். அப்போது யாரும் எனக்குச் சொல்லாதவற்றை, பிறகு டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். மருந்தின் அளவை நாம் முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்தால் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்கலாம்.

முதலில் இந்த ஷாக் என்ன என்று பார்ப்போம். இதயத்தின் இடது கீழறைதான் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுகிறது. அதன் தசையில் 40 சதவீதத்துக்கு மேல் செயலிழந்தால் ரத்த அழுத்தம் விழத் தொடங்கும். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்களும் அந்த அழுத்தத்தை நம்பித்தான் இருக்கின்றன. ஆக, அழுத்தம் விழுந்தால் இதயத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது, அதனால் இன்னும் கொஞ்சம் தசை போகிறது, அழுத்தம் மேலும் விழுகிறது. ஒருபக்கம் சிறுநீரகம், கல்லீரல், மூளை எல்லாம் ரத்தமில்லாமல் தவிக்க, மறுபக்கம் முன்னே தள்ளப்படாத ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கோக்கிறது. இந்தச் சுழற்சியை எவ்வளவு சீக்கிரம் உடைக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்களுக்கு நேரம் போனது முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியில். அங்கே ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் கிடையாது. பிபி 100 இருக்கிறது, பயப்பட வேண்டாம், காலை வரை பார்க்கலாம் என்றார்கள். அந்த 100 என்ற எண்தான் எல்லோரையும் ஏமாற்றியது. இதயம் தளரும்போது உடம்பு கை கால்களின் ரத்தக்குழாய்களை இறுக்கி அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எண் நன்றாக இருக்கும்போதே உறுப்புகளுக்கு ரத்தம் போவது நின்றுகொண்டிருக்கலாம். மேல் எண் 90க்குக் கீழே அரை மணி நேரம் இருந்தால் ஷாக் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதுவரை காத்திருந்தால் தாமதம்தான். அதற்கு முன்பே தெரியும் அடையாளங்கள் உண்டு.

கையைத் தொட்டுப் பாருங்கள். விரல்களும் பாதமும் சில்லென்று, பிசுபிசுவென வியர்வையோடு இருந்தால் அது கெட்ட அறிகுறி. விரல் நகத்தை 5 விநாடி அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். 3 விநாடிக்கு மேல் வெளுப்பாகவே நின்றால் ரத்த ஓட்டம் சரியில்லை. முழங்காலைச் சுற்றி நீலமும் வெளுப்புமாகத் திட்டுத்திட்டாகத் தெரிவதும் அதைத்தான் சொல்கிறது. பிபியின் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கழித்துப் பாருங்கள். 120/80 என்றால் இடைவெளி 40. 100/82 என்றால் 18தான். அந்த இடைவெளி மேல் எண்ணில் கால்பங்குக்கும் கீழே போனால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தம் மிகவும் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். நாடித்துடிப்பு 100க்கு மேல் ஓடுவது, சில மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, காரணமில்லாமல் பதற்றப்படுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது இவையெல்லாம் சேர்ந்து வந்தால், “டாக்டர், கை சில்லென்று இருக்கிறது, சிறுநீரும் போகவில்லை, இது ஷாக்கின் ஆரம்பமா? லாக்டேட் பார்த்தீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். லாக்டேட் என்பது ரத்தமும் ஆக்சிஜனும் போதாத திசுக்கள் வெளியேற்றும் அமிலக் கழிவு. ரத்தத்தில் அது லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருந்தால் உஷாராக வேண்டும்.

அந்த முதல் மணி நேரங்களில் கொடுக்கும் மருந்துகளைப் பற்றியும் தெரிந்திருப்பது நல்லது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை, பிபி 90க்குக் கீழே இருப்பவருக்கு ஆபத்து. ஆண்மைக்கான சில்டெனஃபில் 24 மணி நேரத்துக்குள்ளோ, டடாலஃபில் 48 மணி நேரத்துக்குள்ளோ எடுத்திருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அதோடு நைட்ரேட் சேர்ந்தால் பிபி அடியோடு விழும். அடுத்தது இதயத்துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர். மாரடைப்புக்கு நல்ல மருந்துதான், ஆனால் இதயம் தடுமாறும் நேரத்தில் ஊசியாகப் போட்டால் ஷாக்கை அதுவே கூட்டிவரும். சீனாவில் 45,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2005ல் வெளியான காமிட் ஆய்வில், முதல் நாளிலேயே மெட்டோபுரோலால் என்ற பீட்டா பிளாக்கரைத் தொடங்கியவர்களுக்கு ஷாக் அதிகமாக வந்தது. மூன்றாவது, இதயத்தின் கீழ்ப்பகுதியில் வரும் மாரடைப்பு. அதில் வலது கீழறையும் அடிபட்டிருந்தால் வைத்தியம் தலைகீழ்: நுரையீரல் தெளிவாக இருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும், பிபி விழும். அவருக்கு நைட்ரேட்டும் நீர் பிரிக்கும் ஊசியும் கெடுதல். கொஞ்சம் சலைன் ஏற்றினால் பிபி தூக்கிக் கொடுக்கலாம். அது தெரிய வேண்டுமானால் வலது பக்க நெஞ்சிலும் ஈசிஜி எடுக்க வேண்டும். எடுத்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை.

கேத் லேப் இல்லாத இடத்தில் இருந்தால் ஒரே கேள்விதான்: 24 மணி நேரமும் ஆஞ்சியோ செய்யும், முடிந்தால் இதய அறுவை சிகிச்சையும் செய்யும் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு சீக்கிரம் போக முடியும்? 120 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்க வழியில்லை என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று யோசிப்பார்கள். ஷாக்கில் அந்த ஊசி சரியாக வேலை செய்யாது, ஏனென்றால் கட்டி வரைக்கும் மருந்தைக் கொண்டுபோகும் அழுத்தமே இல்லை. அதனால் ஊசி போட்டாயிற்று, இனி காத்திருக்கலாம் என்பது ஷாக்கில் பொருந்தாது. ஊசி போட்ட கையோடு கிளம்ப வேண்டும். கிளம்பும் முன் ஈசிஜியை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வலி தொடங்கிய நேரம், கொடுத்த மருந்துகள், ஒவ்வொன்றும் கொடுத்த நேரம், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள், அலர்ஜி இவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிருக்கும் டாக்டர் அங்கிருக்கும் இதய டாக்டரிடம் நேரடியாகப் பேசி, கேத் லேப் தயாராக இருக்கிறதா என்று உறுதி செய்யட்டும். போய் எமர்ஜென்சியில் இன்னொரு முறை முதலிலிருந்து ஆரம்பித்தால் அரை மணி நேரம் அங்கேயே போய்விடும். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஆம்புலன்ஸில் மானிட்டர், நெஞ்சில் மின்சார அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர், போதுமான ஆக்சிஜன், சிரிஞ்ச் பம்ப், அதை ஓட்டத் தெரிந்த ஒருவர் இவை இருக்க வேண்டும். சிரிஞ்ச் பம்ப்பை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், பிபியைத் தூக்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் ரத்தத்தில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். சிரிஞ்ச் காலியானாலோ பேட்டரி தீர்ந்தாலோ, அடுத்த சிரிஞ்சைத் தேடி மாட்டுவதற்குள் பிபி 50க்குப் போய்விடும். அடுத்த சிரிஞ்ச் முன்பே கலந்து தயாராக இருக்கிறதா என்று ஏறும்போதே கேட்டுவிடலாம். நல்ல ஐசியூக்களில் பழையது தீருவதற்கு முன்பே புதியதை இன்னொரு பம்ப்பில் ஓடவிட்டு, பிறகுதான் பழையதை எடுப்பார்கள். மூச்சு திணறுபவரைப் படுக்க வைக்கக் கூடாது, சாய்த்து உட்கார வைத்தே கொண்டுபோக வேண்டும்.

கேத் லேப் வாசலில் முதல் பெரிய முடிவு வரும். “நிலைமை மோசம், ஆஞ்சியோ மேஜையிலேயே எதுவும் நடக்கலாம், செய்யலாமா?” என்று கேட்பார்கள். கை நடுங்கும். கொஞ்சம் தேறட்டும், பிறகு செய்யலாமே என்று சொல்லத் தோன்றும். இங்கேதான் ஒரு பழைய ஆய்வு உதவுகிறது. 1999ல் வெளியான, ‘ஷாக்’ என்றே பெயர் வைத்த ஆய்வில் 302 நோயாளிகளில் ஒரு பாதிக்கு உடனே அடைப்பைத் திறந்தார்கள், மறுபாதிக்கு முதலில் மருந்தால் நிலைநிறுத்தப் பார்த்தார்கள். முதல் 30 நாளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆறு மாதத்தில், காத்திருந்தவர்களில் 63 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், உடனே திறந்தவர்களில் 50 சதவீதம். இன்று வரைக்கும் உயிர் காக்கும் என்று தெளிவாக நிரூபணமான முக்கியமான சிகிச்சை அடைப்பைத் திறப்பதுதான். தேறிய பிறகு திறப்பதல்ல, திறந்தால்தான் தேற வாய்ப்பு. ஆஞ்சியோவில் மூன்று குழாயிலும் அடைப்பு என்று தெரிந்தால், எல்லாவற்றையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள் என்று கெஞ்சத் தோன்றும். அப்படிக் கேட்காதீர்கள். 2017ல் வந்த கல்ப்ரிட்-ஷாக் ஆய்வில், மாரடைப்புக்குக் காரணமான ஒரு குழாயை மட்டும் திறந்து மற்றவற்றைப் பிறகு பார்த்தவர்களில், 30 நாளில் இறப்போ டயாலிசிஸ் தேவையோ வந்தது 46 சதவீதம் பேருக்கு. எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்தவர்களுக்கு 55 சதவீதம். நேரம் நீள்வதும், சாயமருந்து கூடுவதும் சிறுநீரகத்துக்கும் தளர்ந்த இதயத்துக்கும் சுமை.

இனி ஐசியூ. உள்ளே இருக்கும் ஒயர்களையும் பம்ப்புகளையும் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஆனால் அங்கே செய்வது மூன்றே மூன்று காரியம்: அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது, இதயத்தைக் கொஞ்சம் அழுத்தித் துடிக்கச் செய்வது, நுரையீரலில் தேங்கிய நீரை இறக்குவது. அழுத்தத்துக்குப் பெரும்பாலும் முதல் மருந்து நார்அட்ரினலின். முன்பு டோபமைன் அதிகம் கொடுப்பார்கள். 2010ல் வந்த சோப்-2 ஆய்வில், இதய ஷாக் இருந்தவர்களில் டோபமைன் பெற்றவர்கள் அதிகமாக இறந்தார்கள், துடிப்புக் கோளாறும் அதிகம் வந்தது. இதயத்தின் துடிப்பு வலுவுக்கு டோபுடமைன் அல்லது மில்ரினோன். 2021ல் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசமில்லை. ஆகவே எது கொடுக்கிறார்கள் என்று சண்டை போட வேண்டாம். இந்த மருந்துகள் எல்லாமே இதயத்தை அதிகம் வேலை வாங்குபவைதான், அடிபட்ட குதிரையைச் சாட்டையால் ஓட்டுவது மாதிரி. எவ்வளவு குறைவாக, எவ்வளவு குறைந்த நேரத்துக்குக் கொடுக்க முடிகிறதோ அவ்வளவு நல்லது.

இதிலிருந்துதான் ஐசியூவில் நான் மிகவும் பயன்படுத்திய கேள்வி வருகிறது. மானிட்டரில் பிபி 110 என்று தெரிந்தால் மனம் நிம்மதியாகும். ஆனால் நார்அட்ரினலின் உச்ச அளவிலும், கூடவே அட்ரினலினும் ஓடிக்கொண்டிருந்து வரும் 110, ஒரே மருந்தில் குறைந்த அளவில் நிற்கும் 92ஐ விட மிக மோசமானது. அதனால் பிபி எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், “சிஸ்டர், நேற்று இதே நேரத்தைவிட மருந்தின் அளவு ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா?” என்று கேளுங்கள். மானிட்டரில் பிபி எண்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு எண் இருக்கும். அது சராசரி அழுத்தம். கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் கிட்டத்தட்ட அதே வரும். 90/60 என்றால் 70. பொதுவாக அதை 65க்கு மேல் வைத்திருக்கப் பார்ப்பார்கள்.

அடுத்தது சிறுநீர்ப் பை. மணிக்கு ஒருமுறை அளந்து சார்ட்டில் எழுதுவார்கள். எடைக்குக் கிலோவுக்கு அரை மி.லி. வீதம், 70 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 35 மி.லி. குறைந்தபட்சம் வர வேண்டும். சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் ஏறுவது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும், பை அன்றைக்கே சொல்லிவிடும். நீர் பிரிக்கும் ஊசி போட்ட பிறகு வரும் சிறுநீரை வைத்து மட்டும் சந்தோஷப்படக் கூடாது, லாக்டேட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் சில மணிக்கொருமுறை லாக்டேட் எடுப்பார்கள். 7, 5, 3 என்று இறங்கினால் திசுக்களுக்கு ரத்தம் போகத் தொடங்கிவிட்டது. பிபி நன்றாக இருந்தும் லாக்டேட் ஏறினால் ஏதோ தவறிக்கொண்டிருக்கிறது. ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், சராசரி அழுத்தம், ஓடும் மருந்துகளின் அளவு, லாக்டேட், அன்றைய சிறுநீர், வென்டிலேட்டரில் ஆக்சிஜன் சதவீதம் இவற்றை எழுதி வாருங்கள். ஷிஃப்ட் மாறி வரும் புது டியூட்டி டாக்டர் ‘அப்படியேதான் இருக்கிறார்’ என்று சொல்லும்போது, உண்மையில் அப்படியே இருக்கிறாரா என்று அந்த நோட்டு சொல்லும். உள்ளே விடும் சில நிமிடங்களில் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். நேற்று சில்லென்று இருந்த பாதம் இன்று வெதுவெதுப்பாக இருந்தால், எந்த ரிப்போர்ட்டும் தராத நம்பிக்கையை அது தரும்.

மூச்சுக்கு மாஸ்க் வழியாக அழுத்தக் காற்று, அதுவும் போதாவிட்டால் குழாய் போட்டு வென்டிலேட்டர். குழாய் போடும் நேரம் ஆபத்தானது. மயக்க மருந்தால் பிபி சட்டென்று விழும். அதனால் பிபி மருந்தைத் தயாராக ஓடவிட்டுத்தான் போடுவார்கள். வென்டிலேட்டர் போட்டுவிட்டார்கள் என்றதும் எல்லாம் முடிந்தது என்று அழ வேண்டாம். மூச்சு விடுவதற்கே அவர் செலவழிக்கும் ரத்தத்தை அது மிச்சப்படுத்துகிறது. ஸ்டென்ட் அடைக்காமல் இருக்கத் தரும் மாத்திரைகள் அவரால் விழுங்க முடியாதபோது பொடித்து மூக்குக் குழாய் வழியாகப் போகும். ஷாக்கில் குடல் மெதுவாகத்தான் உறிஞ்சும் என்பதால் இதை டாக்டர்கள் கவனமாகப் பார்ப்பார்கள்.

இரண்டாவது பெரிய முடிவு இயந்திரங்கள். இங்கேதான் பணமும் பயமும் ஒன்றாக வந்து நிற்கும். அரை மணி நேரத்தில் பதில் சொல்லச் சொல்வார்கள், பெரிய தொகையைக் கட்டச் சொல்வார்கள், வேண்டாம் என்றால் நாமே கைவிட்டது போல் ஆகிவிடும் என்ற குற்ற உணர்வு நெஞ்சைப் பிடிக்கும். எனவே மூன்றைப் பற்றியும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது பலூன் பம்ப். தொடை வழியாகப் பெருநாடியில் வைக்கும் பலூன், இதயம் ஓய்வெடுக்கும்போது விரிந்து, துடிக்கும்போது சுருங்கும். அது தரும் உதவி சிறியது. 2012ல் 600 பேரை வைத்துச் செய்த ஆய்வில் 30 நாள் இறப்பு பலூனோடு 39.7 சதவீதம், இல்லாமல் 41.3 சதவீதம். அதாவது வித்தியாசமே இல்லை. அதனால் எல்லோருக்கும் வழக்கமாக வைப்பதை இப்போது கைவிட்டார்கள். வால்வு கிழிந்தது, இதயச் சுவர் ஓட்டையானது போன்ற நிலைகளில் ஆபரேஷன் வரை தாங்க இன்னும் வைக்கிறார்கள்.

இரண்டாவது, இம்பெல்லா போன்ற நுண்பம்ப். இடது கீழறைக்குள்ளேயே நுழைந்து ரத்தத்தை உறிஞ்சிப் பெருநாடியில் விடும், அதனால் இதயத்தின் சுமை நேரடியாகக் குறையும். 2024ல் வந்த டேஞ்சர்-ஷாக் ஆய்வில் 180 நாளில் இறந்தவர்கள் இந்தப் பம்ப்போடு 45.8 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 58.5 சதவீதம். உண்மையான பலன்தான். ஆனால் அந்த ஆய்வில் சேர்த்தது, முழு அடைப்பு மாரடைப்பால் இடது அறை தளர்ந்தவர்களை மட்டும். இதயம் நின்று, மீட்டபின் கோமாவில் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. பம்ப் வைத்தவர்களுக்கு ரத்தக்கசிவும், கால் ரத்த ஓட்டப் பிரச்சினையும், டயாலிசிஸ் தேவையும் கூடுதலாக வந்தன. மூன்றாவது எக்மோ. சிரையிலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, தொடைத் தமனி வழியாகத் திருப்பி அனுப்பும். இதயமும் நுரையீரலும் சேர்ந்து கைவிடும்போது அதுதான் கடைசிப் பிடிமானம். ஆனால் 2023ல் வந்த ஆய்வில், எல்லோருக்கும் சீக்கிரமே எக்மோ போட்டவர்களில் 30 நாள் இறப்பு 47.8 சதவீதம், போடாதவர்களில் 49 சதவீதம். கடுமையான ரத்தக்கசிவு இரண்டு மடங்குக்கு மேல். எக்மோ ரத்தத்தை எதிர்த்திசையில் தள்ளுவதால், தளர்ந்த இதயம் அதை எதிர்த்துத் திறக்க வேண்டியிருக்கிறது என்பதும் ஒரு காரணம்.

அதனால் இயந்திரம் வைக்கலாமா என்று கேட்டால் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது இவை. இவருக்கு இது எதற்காக? எதை எதிர்பார்த்து? இதயம் தானாகத் தேறும் என்றா, ஆபரேஷன் வரையா, நிரந்தர பம்ப் அல்லது மாற்று இதயம் வரையா? சில நாளில் தேறாவிட்டால் அடுத்த படி என்ன? எதிர்பார்க்க ஒன்றுமே இல்லை என்றால் இயந்திரம் நாட்களைத்தான் நீட்டும். இந்தக் குழு இதை வழக்கமாகச் செய்கிறதா, இரவிலும் கவனிக்க ஆள் உண்டா? ஒருமுறை பயன்படுத்தும் பாகங்கள் எவை, மாற்ற வேண்டி வந்தால் மறுபடி செலவு எவ்வளவு, தினசரிச் செலவு தனியா? இப்படிக் கேட்பதை நல்ல டாக்டர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது கைவிடுவது ஆகாது என்று மேலே உள்ள எண்களே சொல்கின்றன.

இயந்திரம் வைத்த காலைத் தவறாமல் பாருங்கள். இரண்டு பாதங்களையும் போர்வையை விலக்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிடுங்கள். ஒன்று வெளுத்தோ நீலமாகவோ, மற்றதைவிடச் சில்லென்றோ இருந்தால், விழித்திருப்பவர் அந்தக் கால் மரத்துப்போகிறது, வலிக்கிறது என்றால், அந்த நிமிடமே சொல்ல வேண்டும். காலில் டாப்ளர் கருவியால் நாடி கேட்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வைத்திருப்பார்கள். சத்தம் கேட்கிறதா என்று மணிக்கொருமுறை பார்க்கச் சொல்லலாம். எக்மோவில், அந்தக் காலின் கீழ்ப்பகுதிக்குத் தனியாக ஒரு சின்னக் குழாய் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சிறுநீர் திடீரென்று அடர் பழுப்பு நிறமானால் பம்ப் ரத்த அணுக்களை உடைக்கிறது என்று அர்த்தமாகலாம்.

கொஞ்சம் தேறி வருகிறார் என்று மூச்சு விட்ட நேரத்தில் இரண்டாவது சரிவு வரலாம். இதற்கு யாரும் என்னைத் தயார்ப்படுத்தவில்லை. செத்த தசை முதல் ஒரு வாரத்தில் மெலிந்து மென்மையாகும். அப்போது வால்வைப் பிடித்திருக்கும் தசை அறுந்துபோகலாம், இரண்டு கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை விழலாம், வெளிச்சுவரே கிழியலாம். திடீரென்று மூச்சு முட்டி, பிபி விழுந்து, டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பில் புதிதாக ஒரு ‘உஸ்’ சத்தம் கேட்டால், உடனே படுக்கையருகிலேயே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும். மருந்தைக் கூட்டிக்கொண்டே போவது இதற்கு வைத்தியம் ஆகாது. ஆபரேஷனோ, குழாய் வழியாக உள்ளே போய் ஓட்டையை மூடுவதோ தேவைப்படும். இதய ஆபரேஷன் வசதியுள்ள இடத்தில் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். காய்ச்சலோடு பிபி விழுந்தால் குழாய்கள் வழியாகத் தொற்று நுழைந்திருக்கலாம். ஒரு குழாய் தேவையில்லாமல் போன நாளே அதை எடுத்துவிட வேண்டும். சிறுநீரகம் நின்றால் டயாலிசிஸ் வரும். பிபி தாங்காதவருக்கு 24 மணி நேரமும் மெதுவாக ஓடும் வகைதான் பொருத்தம். ஷாக்கில் அடிபட்ட சிறுநீரகம் வாரக்கணக்கில் ஓய்வெடுத்துத் திரும்புவது உண்டு, டயாலிசிஸ் என்றதும் வாழ்நாள் முழுக்க என்று நினைக்க வேண்டாம்.

இதயம் நின்று மீட்டவராக இருந்தால் மூளையைப் பற்றிய கேள்வி எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். முதல் நாளே கண் திறக்கவில்லை என்று யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது. குறைந்தது 72 மணி நேரம் கழித்து, மயக்க மருந்துகள் உடம்பிலிருந்து வெளியேறிய பிறகுதான், பல பரிசோதனைகளைச் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். விழித்தவர்களும் சிலர் இரவில் குழம்பிப் பேசுவார்கள், குழாயைப் பிடுங்கப் பார்ப்பார்கள். கண்ணாடி, காதுக் கருவி இருந்தால் கொடுங்கள், இன்று என்ன தேதி, எங்கே இருக்கிறார் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். எல்லாம் செய்தும் லாக்டேட் ஏறிக்கொண்டே போய், உறுப்புகள் ஒவ்வொன்றாக நின்றால், வலியில்லாமல் வைத்திருப்பது பற்றிப் பேசலாமா என்று நீங்களே கேட்கலாம். அந்தப் பேச்சைத் தனியாக எடுக்க வேண்டியிருந்தால் அது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் முடிவெடுக்கும் ஒருவரையாவது அன்றைக்குக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

தேறும்போது மருந்துகளை ஒவ்வொன்றாக, சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். ஒவ்வொரு படி இறக்கிய பிறகும் லாக்டேட், சிறுநீர், மூச்சு மூன்றும் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த படி. படுக்கை தேவை என்பதற்காக அவசரமாக வார்டுக்கு மாற்றினால், டோபுடமைன் நின்று எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேளுங்கள். பீட்டா பிளாக்கர் இந்த மருந்துகள் எல்லாம் நின்று, உடம்பில் நீர் இறங்கிய பிறகுதான் மிகச் சிறிய அளவில், பிசோபுரோலால் என்றால் 1.25 மி.கி. என்று ஆரம்பிக்கும். அதோடு சாகுபிட்ரில்-வல்சார்டன் அல்லது ராமிப்ரில் வகை ஒன்று, ஸ்பைரோனோலாக்டோன் வகை ஒன்று, டாபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசின் 10 மி.கி. எனத் தளர்ந்த இதயத்தைத் தாங்கும் நான்கு தூண்கள். ராமிப்ரிலிலிருந்து சாகுபிட்ரில்-வல்சார்டனுக்கு மாறினால் நடுவில் 36 மணி நேரம் இடைவெளி கட்டாயம், இல்லையென்றால் முகமும் தொண்டையும் வீங்கும் ஆபத்து. பொட்டாசியமும் கிரியேட்டினினும் முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே பார்க்க வேண்டும். ஸ்டென்ட்டுக்கான இரண்டு ரத்தம் உறையாமை மாத்திரைகளைப் பல் பிடுங்குவதற்குக்கூட இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

டிஸ்சார்ஜ் அன்று சம்மரி மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். ஆஞ்சியோ சிடி, ஸ்டென்ட் அட்டை, கடைசி எக்கோ, கடைசி கிரியேட்டினின், பொட்டாசியம் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து எழுத வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். அன்றைக்கே டாக்டரை அழைக்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டி இரண்டாவது தலையணை தேவைப்படுவதும், கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுவதும் அதே செய்திதான். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் எடுக்கவே கூடாது, நீரைத் தேக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வாந்தி, பேதி என்று சாப்பிட முடியாத நாளில் டாபாக்ளிஃப்ளோசினையும் நீர் மாத்திரையையும் தொடரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் எக்கோவில் இதயத்தின் பம்ப்பிங் 25, 30 சதவீதம் என்று எழுதியிருந்தால் அதையே கடைசி எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடைப்பைத் திறந்த பிறகும் தசையின் ஒரு பகுதி செத்துப்போகாமல் அதிர்ச்சியில் உறைந்தே இருக்கும், வாரக்கணக்கில் மெதுவாக விழிக்கும். அதனால்தான் திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐசிடி கருவி வேண்டுமா என்ற முடிவை, மாரடைப்பு வந்து குறைந்தது 40 நாள், ஸ்டென்ட் வைத்து சுமார் 3 மாதம், அதுவும் நான்கு மருந்துகளும் சரியான அளவில் ஓடிய பிறகு எடுக்கும் எக்கோவை வைத்துத்தான் எடுப்பார்கள். அப்போதும் 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் அந்தப் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். அந்த எக்கோவுக்கான தேதியை டிஸ்சார்ஜ் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.